மைனஸ் 30ல வண்டி எந்திரிக்கலையா? பிளக்ல இருந்து ஒவ்வொண்ணா பாத்துட்டு வாங்க

கனடாவுல வின்னிபெக், ரெஜைனா, சாஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் வந்து முதல் குளிர்காலத்த பாக்கப்போற நம்ம ஆளுங்களுக்காக இத எழுதுறேன். ஒவ்வொரு ஜனவரியும் ஒரே போன்கால்தான், "அண்ணா, ராத்திரி பூரா பிளக் பண்ணித்தான் வச்சிருந்தேன், காலைல வண்டி எடுக்கவே இல்ல"ன்னு. (இஞ்சின சூடா வைக்க பிளாக் ஹீட்டர்னு ஒண்ணு இருக்கும், அதோட ஒயர வெளிய இருக்கிற கரன்ட்ல மாட்டுறதத்தான் இங்க பிளக் பண்றதுன்னு சொல்றோம்.) போய்ப் பாத்தா பெரும்பாலும் இஞ்சின்ல ஒண்ணுமே இருக்காது, கரன்ட் வழியில எங்கயோ நின்னுருக்கும், இல்லன்னா பேட்டரி செத்துருக்கும். ஆனா அதுக்குள்ள நம்மாளு வண்டிய இழுத்துட்டுப்போக ஆள் கூப்ட்டு, கராஜ்ல எஸ்டிமேட் வரைக்கும் வாங்கிருப்பாரு.

இது பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசல் டிரக், எலக்ட்ரிக் வண்டி ரெண்டும் வேற கதை. டொரான்டோ ஆளுங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது, கொடுத்து வச்சவங்க.

கைல என்ன வேணும்னா சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு, அவுட்லெட்டுக்கும் கார்டுக்கும் (கரன்ட் ஒயருக்கும்) நடுவுல மாட்டுற வாட் மீட்டர் ஒண்ணு (ஹார்டுவேர் கடைல கிடைக்கும், வாங்கிடுங்க, பாதி பஞ்சாயத்து இதுலயே முடிஞ்சிரும்), டார்ச், நல்ல கையுறை. வெறுங்கையால பானட்டுக்குள்ள இரும்பத் தொடாதீங்க, மைனஸ் 35ல ஈரக்கை அப்படியே ஒட்டிக்கும்.

இன்னொண்ணு, வானிலை ஆப்புல வர்ற விண்ட்சில் நம்பரப் பாத்து வண்டிக்காக பயப்படாதீங்க. அது நம்ம தோலுக்கு. காத்து அடிச்சா இஞ்சின் சீக்கிரம் ஆறும், அவ்ளோதான், வெளிய மைனஸ் 28ன்னா விண்ட்சில் மைனஸ் 42ன்னு போட்டாலும் இஞ்சின் மைனஸ் 28க்குக் கீழ போகாது.

## முதல்ல இது: உங்க வண்டில ஹீட்டர் இருக்கா?

சிரிக்காதீங்க. ப்ரெய்ரி (மனிடோபா, சாஸ்காச்சுவன், ஆல்பர்ட்டா) பக்கம் வித்த வண்டின்னா பெரும்பாலும் பிளாக் ஹீட்டரோட வரும், முன்னாடி க்ரில் வழியா இல்ல பம்பர் கீழ ஒரு மூணு பின் பிளக் தொங்கும். டொரான்டோ, வான்கூவர், அமெரிக்காவோட தென்பக்கம் இங்கெல்லாம் இருந்து வந்த பழைய வண்டின்னா இல்லாமப் போக நல்ல வாய்ப்பு இருக்கு. அது இல்லாம சில வண்டில இஞ்சின்ல எலிமென்ட் (ஹீட்டரோட சூடாகுற பாகம்) இருக்கும், கார்டு மட்டும் மாட்டிருக்க மாட்டாங்க, அதத் தனியா வாங்கி மாட்டணும். வேற சில வண்டில பிளக் தொங்கும், பின்னாடி தேடிப் போனா அது பேட்டரி சார்ஜருக்கோ ஆயில் பேன்ல (இஞ்சின் அடில ஆயில் தேங்குற தட்டுல) ஒட்டுற ஹீட்டிங் பேடுக்கோ போகும். அதனால பிளக்ல இருந்து ஒயர் எங்க போகுதுன்னு ஒருதடவ கண்ணால பாத்துருங்க. புரியலன்னா வண்டியோட சேசிஸ் நம்பரச் சொல்லி டீலர் பார்ட்ஸ் கவுன்டர்ல கேட்டா சொல்லிருவாங்க.

இல்லவே இல்லன்னா நவம்பர்க்கு முன்னாடி போட்டுருங்க. ஜனவரி குளிர்ல எல்லா கராஜும் நிரம்பி வழியும்.

## அறிகுறி: ராத்திரி பூரா பிளக் பண்ணியும் காலைல இஞ்சின் ஜில்லுன்னு இருக்கு

அதிகமா வர்றது இதுதான், அதனால இதக் கொஞ்சம் நிதானமா பாப்போம். கரன்ட் சுவத்துல இருந்து இஞ்சின் வரைக்கும் வர்ற வழில எங்க நிக்குதுன்னு வரிசையாத் தேடணும். நடுவுல குதிச்சு நேரா "எலிமென்ட் போச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, அதுதான் இதுல காஸ்ட்லியான பதில்.

அவுட்லெட்ல கரன்ட் வருதா? ஒரு டேபிள் லைட்டோ போன் சார்ஜரோ எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாருங்க. வரலன்னா அபார்ட்மென்ட் வெளிய இருக்கிற பல அவுட்லெட்ல நடுவுல ஒரு ரீசெட் பட்டன் இருக்கும், ஈரம் பட்டா தானா ட்ரிப் ஆகிடும், அதை அமுக்குங்க. வீடுன்னா சில வெளிப் பிளக் உள்ள ஒரு சுவிட்சோட சேந்திருக்கும், கிறிஸ்துமஸ் லைட்டை அணைக்கிறேன்னு யாராவது அந்த சுவிட்ச அணைச்சிருப்பாங்க. இது ஒவ்வொரு வருஷமும் யார் வீட்லயாவது நடக்குது.

பார்க்கிங் லாட்ல கரன்ட் விட்டு விட்டு வருதா? வின்னிபெக், எட்மன்டன்ல நிறைய ஆபீஸ், அபார்ட்மென்ட் லாட்ல கரன்ட் பில்ல குறைக்க கன்ட்ரோலர் வச்சிருப்பாங்க. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும், வெளிய டெம்பரேச்சர் ஏறினா சுத்தமா நின்னுரும். நீங்க லைட் மாட்டிப் பாக்குற நேரம் அது ஓய்வுல இருந்தா அவுட்லெட் செத்துருச்சுன்னு தப்பா நினைப்பீங்க. அரைமணி நேரம் கழிச்சு இன்னொருதடவ பாருங்க, இல்ல பக்கத்து வண்டிக்காரர்கிட்ட கேளுங்க. சில அவுட்லெட்ல சின்னதா கலர் லைட் இருக்கும், உங்க கார்டு சரியா லோடு எடுக்குதா இல்லையான்னு அதுவே சொல்லும், அர்த்தம் என்னன்னு மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல கேட்டு வச்சிக்கிட்டா ராத்திரில நின்னு தடவ வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் கார்டு. வீட்டுக்குள்ள டிவிக்குப் போடுற வெள்ளைக் கார்டு இதுக்கு ஆகாது, மைனஸ் 30ல அந்த ரப்பர் விறைச்சு மடிக்கிற இடத்துல விரிஞ்சிரும், உள்ள செம்பு அறுந்தாலும் வெளிய தெரியாது. வெளிப்புறத்துக்குன்னு போட்டது, 14 கேஜ் (நீளம் அதிகம்னா 12), குளிர்லயும் வளையக்கூடியது, மூணு பின் உள்ளது, இத மட்டும் வாங்குங்க. கேஜ் நம்பர் கம்மியானா ஒயர் தடிமன்னு ஞாபகம் வச்சிக்கோங்க, நிறைய பேரு 16 பெரிசு 12 சின்னதுன்னு எடுத்துட்டு வந்துருவாங்க. வேற நல்ல கார்டு ஒண்ணு கடன் வாங்கி மாத்திப் போட்டுப் பாருங்க, இதுக்கு மேல சுலபமான டெஸ்ட் கிடையாது.

பிளக் முனை. வண்டில தொங்குற பிளக்கோட பின்ன டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சைப் பாசி, கருப்புத் தீய்ச்சல், பிளாஸ்டிக் உருகின தடம் இருந்தா பின் லூசா உக்காந்து சூடாகிருக்கு. ரோட்டு உப்பு தெறிச்சு தெறிச்சு இது ஆகும். லேசான பாசின்னா சுரண்டித் துடைச்சு டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்க. உருகிருந்தா கார்டே புதுசு போடணும், டேப் சுத்தி ஓட்டாதீங்க, நிக்கிற வண்டி இப்படியும் தீப்பிடிக்கும். கூடவே டிரான்ஸ்போர்ட் கனடா ரீகால் பக்கத்துல உங்க வண்டிய தேடிப் பாருங்க, பிளாக் ஹீட்டர் கார்டுக்காக ரீகால் பண்ணின மாடல்கள் உண்டு, உங்களது இருந்தா டீலர் இலவசமா மாத்தித் தருவாரு.

எலிமென்ட் வேலை செய்யுதா? இங்கதான் வாட் மீட்டர். மாட்டி பிளக் பண்ணுங்க, கார் ஹீட்டர்னா பொதுவா 400ல இருந்து 600 வாட் வரைக்கும் காட்டும், பெரிய பிக்கப்னா 1000 கூட வரும். பூஜ்யம்னா கார்டு எங்கயோ அறுந்திருக்கு இல்ல எலிமென்ட் போச்சு. வாட் மீட்டர் இல்லன்னா பிளக்க கழட்டிட்டு, அந்த ரெண்டு தட்டை பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல ஓம் (ரெசிஸ்டன்ஸ்) பாருங்க. இங்க 120 வோல்ட், அதனால 400 வாட் ஹீட்டர்னா 36 ஓம் பக்கம், 600ன்னா 24, 1000ன்னா 14 பக்கம் காட்டணும். மீட்டர் அசையவே இல்லன்னா சர்க்யூட் திறந்து கிடக்கு. மீட்டரே இல்லாதவங்க பிளக் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு பானட்டுகிட்ட காத வைங்க, நிறைய வண்டில உஸ்ஸுன்னு மெல்லிசா ஒரு சத்தம் கேக்கும். சத்தம் கேட்டா கண்டிப்பா வேலை செய்யுது, கேக்கலன்னா அதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஒரு பொறி இருக்கு, இத படிச்சிட்டு மீட்டர எடுங்க. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் நிறையவற்றுல கார்டுக்குள்ளயே தெர்மோஸ்டாட் வச்சிருப்பாங்க, சுமார் மைனஸ் 18க்கு மேல இருந்தா அது கரன்ட்டையே விடாது. சூடான கராஜ்ல நின்னு ஓம் பாத்தா "அறுந்துபோச்சு"ன்னுதான் காட்டும். நல்ல ஹீட்டர கழட்டி எறிஞ்சவங்க இருக்காங்க. வெளிய நல்ல குளிர்ல வச்சு டெஸ்ட் பண்ணுங்க.

எப்ப ஆளக் கூப்டணும்? கார்டு இஞ்சின் பக்கம் போய் எலிமென்ட்ல சொருகுற இடம் கைக்கு எட்டுதுன்னா, அத நல்லா அழுத்திப் பாருங்க, லூசா இருந்தாலே சரியாகிடும். கார்டு மாத்துறது சில பத்து டாலர், நீங்களே செய்யலாம். எலிமென்ட் போச்சுன்னா மெக்கானிக்தான், ஏன்னா நிறைய இஞ்சின்ல அது ஃப்ராஸ்ட் பிளக் (இஞ்சின் பிளாக்ல இருக்கிற வட்ட உலோக மூடி) ஓட்டைக்குள்ள கூலன்ட்ல முங்கி உக்காந்திருக்கும், கூலன்ட்ட இறக்கணும், மறுபடி ஊத்தி காத்து எடுக்கணும், சில வண்டில எக்சாஸ்ட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். டிரைவ்வேல படுத்து செய்ற வேலை இல்ல.

நேரம் பத்தி ஒரு வார்த்த. ராத்திரி பூரா பிளக் பண்ணத் தேவையே இல்ல, ரெண்டுல இருந்து நாலு மணி நேரம் போதும், அதுக்கு மேல கரன்ட் போறதுதான் மிச்சம். 500 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினா 5 யூனிட், மூணு மணி நேரம்னா ஒண்ணரை யூனிட். வெளிப்புற டைமர் ஒண்ணு வாங்கி, எட்டு மணிக்கு கிளம்புறீங்கன்னா காலைல நாலு, நாலரைக்கு ஆன் ஆகுற மாதிரி வைங்க. மைனஸ் 15 தாண்டினா மாட்டுங்க, மைனஸ் 20க்குக் கீழன்னா யோசிக்கவே வேண்டாம். அப்புறம் கார்ட இடதுபக்க கண்ணாடில ஒரு சுத்து சுத்தி விடுங்க, கழட்டாம வண்டிய எடுத்து பிளக்க பிச்சிட்டுப் போறவங்களுக்கு ஊர்ல பஞ்சமே இல்ல.

## அறிகுறி: பிளக் பண்ணினதும் பிரேக்கர் விழுது

மொதல்ல அந்த லைன்ல வேற என்ன ஓடுதுன்னு பாருங்க. சாதாரண 15 ஆம்பியர் சர்க்யூட்ல தொடர்ந்து இழுக்கிறதுக்கு 12 ஆம்பியர்தான் கணக்கு, அதாவது 1440 வாட். பிளாக் ஹீட்டர் 600, வண்டிக்குள்ள வைக்கிற கார் வார்மர் 900, அதோட பேட்டரி பிளாங்கெட் (பேட்டரிய சுத்தி சூடாக்குற போர்வை) ஒண்ணுன்னு ஒரே கார்டுல மாட்டினா விழத்தான் செய்யும். ரெண்டு வண்டிய ஒரே அவுட்லெட்ல மாட்டினாலும் அதே கதைதான். ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க.

தனியா ஹீட்டர் மட்டும் மாட்டியும் விழுதுன்னா கார்ட மாத்திப் பாருங்க. அப்பவும் விழுந்தா பிளக்க கழட்டிட்டு தட்டை பின் ஒண்ணுக்கும் கீழ இருக்கிற வட்ட பின்னுக்கும் நடுவுல ஓம் பாருங்க, ஒண்ணுமே காட்டக்கூடாது. ஏதாவது நம்பர் வந்தா எலிமென்ட் இல்ல கார்டு உள்ள கசிஞ்சு பாடிக்கு கரன்ட் போகுது. இதோட நிறுத்திக்கோங்க. ரீசெட் பட்டன அமுக்கி அமுக்கிப் பாக்குறது, வட்ட பின்ன வெட்டிட்டு மாட்டுறது (ஆமா, செய்றாங்க) இதெல்லாம் உயிருக்கு விளையாட்டு. மெக்கானிக்தான்.

## அறிகுறி: இஞ்சின் சூடா இருக்கு, ஆனா சாவியத் திருப்பினா டக் டக், இல்ல செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்குது

பிளாக் ஹீட்டர் பேட்டரிய சார்ஜ் பண்ணாது. திரும்பவும் சொல்றேன், பண்ணாது. அது இஞ்சின மட்டும் சூடாக்குது, பேட்டரி அந்தக் குளிர்லயேதான் ராத்திரி பூரா கிடக்கு. மைனஸ் 18லயே நல்ல பேட்டரியோட பலம் பாதிக்கும் கீழ போயிரும், ஏற்கனவே நாலஞ்சு வருஷம் ஆன பேட்டரின்னா கேக்கவே வேண்டாம்.

காசில்லாத வேலைல இருந்து வருவோம். டெர்மினல் ரெண்டையும் ஆட்டிப் பாருங்க, அசைஞ்சா முறுக்குங்க, வெள்ளைப் பொடி பூத்திருந்தா சுரண்டுங்க. அப்புறம் வண்டி ராத்திரி நின்ன பிறகு, எதையும் ஆன் பண்ணாம வோல்ட் பாருங்க. 12.6 இருந்தா ஃபுல், 12.2ன்னா பாதி, 12க்குக் கீழன்னா காலி. ஒருத்தர சாவியத் திருப்பச் சொல்லிட்டு அப்ப மீட்டரப் பாருங்க, 9க்குக் கீழ விழுந்தா பேட்டரில சரக்கு இல்ல. 12.6 இருந்தும் டக்குன்னு ஒரே ஒரு சத்தத்தோட நின்னா ஸ்டார்ட்டர் மோட்டாரோ எர்த் ஒயரோ, அதுக்கு மெக்கானிக்.

ஸ்டார்ட் ஆன பிறகு ஓடிட்டு இருக்கும்போது வோல்ட் பாருங்க, 13.8ல இருந்து 14.8 வரைக்கும் இருக்கணும். 13கூட வரலன்னா ஆல்டர்நேட்டர் சார்ஜ் பண்ணல, புது பேட்டரி போட்டாலும் ரெண்டு நாள்ல அதே நிலைமைதான். வோல்ட் எல்லாம் சரியா இருந்தும் தினம் பேட்டரி இறங்குதுன்னா, நீங்க ஓட்டுற தூரம் பத்தல. வீட்ல இருந்து அஞ்சு நிமிஷத்துல ஆபீஸ், அதுக்குள்ள சீட் ஹீட்டர், பின் கண்ணாடி ஹீட்டர், ப்ளோயர் எல்லாம் ஃபுல்ல, ஸ்டார்ட்டர் எடுத்தத திருப்பிக் கொடுக்கவே நேரமில்ல. வாரம் ஒருதடவ நல்லா நீளமா ஒரு ஹைவே ஓட்டு, இல்ல ராத்திரில சின்ன சார்ஜர் ஒண்ணு மாட்டுங்க. பேட்டரி பிளாங்கெட்டும் நல்லதுதான், ஆனா எனக்குக் கேட்டா வயசான பேட்டரிக்குப் போர்வை வாங்குற காசுல புது பேட்டரி வாங்கலாம். வாங்கும்போது உங்க வண்டி மேனுவல்ல சொன்ன கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்க்கு (குளிர்ல ஸ்டார்ட் பண்ண பேட்டரி கொடுக்கிற கரன்ட் அளவு) கம்மியா வாங்காதீங்க. பல பார்ட்ஸ் கடைல பேட்டரிய சும்மாவே டெஸ்ட் பண்ணித் தருவாங்க, அக்டோபர்லயே போயிருங்க.

பூஸ்ட் (வேற வண்டி பேட்டரில இருந்து கேபிள் மாட்டி ஸ்டார்ட் பண்றது) போடும்போது. முதல்ல பேட்டரி உறைஞ்சிருக்கான்னு பாருங்க. ஃபுல் சார்ஜ் பேட்டரி மைனஸ் 50லகூட உறையாது, காலியானது மைனஸ் 10லயே உறைஞ்சிரும். பக்கம் உப்பியிருந்தா, விரிசல் இருந்தா, உள்ள ஐஸ் தெரிஞ்சா பூஸ்ட் போடவே போடாதீங்க, வெடிக்கும். கழட்டி சூடான இடத்துல இளக வச்சு, அதுக்கப்புறம் கடைல காட்டுங்க. உப்பிருந்தா நேரா தூக்கிப் போடவேண்டியதுதான்.

உறையலன்னா, சிவப்பு செத்த பேட்டரி பிளஸ்ல, சிவப்போட மறுமுனை நல்ல பேட்டரி பிளஸ்ல, கருப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல, கடைசிக் கருப்பு செத்த வண்டியோட இஞ்சின்ல பெயின்ட் இல்லாத இரும்புல. கடைசி முனைய பேட்டரில மாட்டாதீங்க, பொறி பறக்கிற இடம் அதுதான். நல்ல வண்டிய அஞ்சு பத்து நிமிஷம் ஓடவிட்டுட்டு அப்புறம் முயற்சி பண்ணுங்க, மாட்டின அடுத்த செகண்டே சாவியத் திருப்பிட்டு "பூஸ்ட்டும் ஏறல"ன்னு சொல்லக்கூடாது.

## அறிகுறி: செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா பத்திக்கல

பத்து செகண்டுக்கு மேல ஒரே மூச்சா அடிக்காதீங்க, ஒரு நிமிஷம் விட்டு அடிங்க, ஸ்டார்ட்டர் மோட்டார் வெந்துரும்.

பெட்ரோல் வாசன அடிக்குதா? ஃப்ளட் ஆயிருச்சு, அதாவது இஞ்சினுக்குள்ள பெட்ரோல் அளவுக்கு மேல சேந்துருச்சு. ஆக்சிலரேட்டர தரை வரைக்கும் முழுசா மிதிச்சிட்டே செல்ஃப் அடிங்க, நிறைய வண்டில அப்படி மிதிச்சா பெட்ரோல் நின்னு காத்து மட்டும் போகும், ரெண்டு மூணு தடவைல கெக்க கெக்கன்னு எந்திரிக்கும். அந்த நேரம் கால டக்குன்னு எடுத்துராதீங்க, மெதுவா எடுங்க.

பெட்ரோல் வாசனையே இல்லையா? டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. கால் டேங்க்ல ஓட்டுற பழக்கம் இருந்தா உள்ள வேர்த்து தண்ணி சேந்து லைன்ல உறைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு. குளிர்காலத்துல அரை டேங்குக்குக் கீழ விடாதீங்க. கேஸ் லைன் ஆன்டிஃப்ரீஸ்னு சின்ன பாட்டில் பெட்ரோல் பங்க்ல விக்கும், ஒண்ணு ஊத்திப் பாக்கலாம், ஆனா அது ஏற்கனவே உறைஞ்ச லைன உடனே இளக்காது. வண்டிய ஏதாவது சூடான கராஜுக்குத் தள்ளிட்டுப்போய் சில மணி நேரம் விட்டாதான் இளகும். இப்ப விக்கிற பெட்ரோல்ல பெரும்பாலும் எத்தனால் கலந்தே வர்றதால ஒவ்வொரு தடவையும் அந்த பாட்டில ஊத்துறது வீண் செலவு.

சாவி படம் போட்ட லைட் டேஷ்போர்டுல மினுக்குதா? அப்ப சாவில இருக்கிற பேட்டரி குளிர்ல படுத்திருக்கலாம், பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா சாவிய ஸ்டார்ட் பட்டன்மேலயே ஒட்டி வச்சு அமுக்குங்க.

இது எதுவும் இல்ல, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே (சீக்கிரம் பத்திக்க இஞ்சினுக்குள்ள அடிக்கிற கேன்) அடிச்சுப் பாக்கலாமான்னு கேப்பீங்க. வேண்டாம். பழக்கமில்லாத கைல அது இஞ்சினுக்கும் முகத்துக்கும் ஆபத்து. ஸ்பார்க் பிளக், ப்யூவல் பம்ப்னு போகுது விஷயம், கூப்டுங்க.

## அறிகுறி: ஸ்டார்ட் ஆச்சு, ஆனா கரகரன்னு சத்தம், ஆயில் லைட்

கீச்சுனு பெல்ட் கத்துறது, ஸ்டியரிங் முனகுறது எல்லாம் மைனஸ் 35ல சகஜம், ரெண்டு நிமிஷத்துல அடங்கும். பாக்கவேண்டியது சிவப்பு ஆயில் லைட்ட மட்டும். சில செகண்ட்ல அணையலன்னா இஞ்சின உடனே அணைங்க. திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ஆயில் கம்பிய எடுத்து லெவல் பாருங்க. லெவல் சரியா இருந்தா என்ன ஆயில் ஊத்திருக்குன்னு பில்ல தேடுங்க. 10டபிள்யூ-30 இருந்தா இந்த ஊருக்கு அது சரிப்படாது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35 வரைக்கும் பம்ப்ல ஓடுதான்னு சோதிச்சு விக்கிறது, 0டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும். மேனுவல் அனுமதிச்சா குளிர்காலத்துக்கு முழு சிந்தெடிக் 0டபிள்யூ-20 இல்ல 0டபிள்யூ-30 போடுங்க. பிளாக் ஹீட்டர் கூலன்ட்டத்தான் சூடாக்குது, அடில பேன்ல கிடக்கிற ஆயில் அவ்வளவா சூடாகாது, அதனால "பிளக் பண்றேனே, எந்த ஆயில் போட்டா என்ன"ன்னு இருக்காதீங்க. சரியான ஆயில், சரியான லெவல், இருந்தும் லைட் எரியுதுன்னா இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க, ஓட்டிட்டுப் போகாதீங்க.

## அறிகுறி: வண்டி ஓடுது, ஆனா உள்ள சூடு வரல

முதல்ல எதிர்பார்ப்ப சரி பண்ணிக்குவோம். இப்ப வர்ற சின்ன டர்போ இஞ்சின மைனஸ் 35ல வெறுமனே நிக்க வச்சு சூடாக்கவே முடியாது, அரைமணி நேரம் ஆனாலும் டெம்பரேச்சர் முள் பாதிதான் ஏறும். ஸ்டார்ட் பண்ணி ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு மெதுவா ஓட்ட ஆரம்பிங்க, ஓட்டினாதான் சூடாகும். இருபது நிமிஷம் ஓட்டியும் வரலன்னா இனி பாக்கலாம்.

முள் ஏறவே இல்ல, இல்ல ஊருக்குள்ள ஏறி ஹைவேல இறங்குது. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கிருக்கு. செக் இஞ்சின் லைட் வந்து, ஸ்கேனர்ல பி0128ன்னு கோடு காட்டினா அநேகமா இதுதான். வால்வு விலை கம்மி, மாத்துறதும் பல வண்டில பெரிய வேலை இல்ல, தள்ளிப் போடாதீங்க, ஏன்னா இஞ்சின் எப்பவும் ஆறியே இருந்தா பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலும் கெடும். அதுவரைக்கும் ரேடியேட்டருக்கு முன்னாடி அட்டை வைக்கலாம், பாதி மறைச்சா போதும், முள் மேல ஒரு கண்ணு இருக்கட்டும், குளிர் குறைஞ்சதும் மறக்காம எடுத்துருங்க. வால்வு நல்லா இருந்தாலும் மைனஸ் 40ல ஹைவேல அட்டை வைக்கிற ஆளுங்க இங்க நிறைய.

முள் நடுவுல இருக்கு, காத்து மட்டும் ஜில்லுன்னு வருது. இஞ்சின் ஆறினப்புறம் கூலன்ட் லெவல் பாருங்க. கம்மியா இருந்தா ஹீட்டருக்குத்தான் முதல்ல பத்தாமப் போகும். லெவல் சரின்னா சூட்டுக்கும் குளிருக்கும் மாத்துற உள்கதவு சிக்கிருக்கும் (டேஷ்போர்டுக்குள்ள டக் டக்னு சத்தம் வரும்), இல்ல ஹீட்டர் கோர் (உள்ள வர்ற காத்த சூடாக்குற குட்டி ரேடியேட்டர்) அடைச்சிருக்கும். கதவு சின்ன செலவு, கோர் பெரிய செலவு, ரெண்டையும் கண்டுபிடிக்கிறது மெக்கானிக் வேலை.

முள் சிவப்புக்குப் போகுது, உள்ள காத்து ஜில்லுன்னு வருது. இது மட்டும் அவசரம். ஓரங்கட்டி அணைங்க. கூலன்ட் கசிஞ்சு போயிருக்கும், இல்ல ரேடியேட்டர்ல கொழகொழன்னு உறைஞ்சு சுத்தாம நின்னுருக்கும். கோடைல யாராவது வெறும் தண்ணிய ஊத்தி நிரப்பின வண்டில இப்படி ஆகும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரைக்கும்தான் தாங்கும், 60 பங்கு கூலன்ட் 40 பங்கு தண்ணின்னா மைனஸ் 50 பக்கம் போகும். அதுக்காக தண்ணியே கலக்காம ஊத்தாதீங்க, சுத்த கிளைக்கால் மைனஸ் 13லயே உறையும், நிறைய பேருக்கு இது தெரியாது. கூலன்ட் டெஸ்டர் விலை ரொம்பக் கம்மி, அக்டோபர்ல ஒருதடவ உறிஞ்சிப் பாருங்க, சூடான ரேடியேட்டர் மூடிய மட்டும் திறக்காதீங்க.

## அறிகுறி: ரிமோட் ஸ்டார்ட் பண்ணினா உடனே நின்னுருது

பானட் சரியா மூடலன்னா, செக் இஞ்சின் லைட் எரிஞ்சா, பெட்ரோல் கம்மியா இருந்தா, ஏற்கனவே ரெண்டு தடவ ரிமோட்ல போட்டிருந்தா பல வண்டி ஒத்துக்காது. பானட் சுவிட்ச்ல பனி அடைச்சிருக்கான்னு பாருங்க, அவ்ளோதான் பெரும்பாலும்.

## அறிகுறி: ஆபீஸ்ல பிளக் இல்ல, சாயங்காலம் வண்டி எடுக்க மாட்டேங்குது

வீட்ல எல்லாம் சரியா இருந்தும் எட்டு மணி நேரம் திறந்தவெளில நின்னா இது நடக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு கால்மணி நேரம் ஓடவிடுங்க, ரிமோட் இருந்தா நல்லது. முன்பக்கத்துல காத்து நேரா அடிக்காத மாதிரி, சுவரப் பாத்து நிறுத்துங்க. சாவிய உள்ள விட்டுட்டு ஓடவிட்டுப் போகாதீங்க, கால்கரி போலீஸ் இதுக்குன்னே ஆப்பரேஷன் கோல்ட் ஸ்டார்ட்னு ஒண்ணு வருஷா வருஷம் நடத்துறாங்க, அவ்வளவு வண்டி திருட்டுப் போகுது. மூடின கராஜுக்குள்ள ஓடவிடவே கூடாது, பனி கொட்டின ராத்திரிக்கு அப்புறம் சைலன்ஸர் வாய்ல பனி அடைச்சிருந்தா தோண்டி எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, புகையோட கார்பன் மோனாக்சைடு உள்ள வந்தா வாசனையே தெரியாது.

இப்படி மாட்டிக்கிட்டா சிஏஏ (வழில மாட்டிக்கிட்டா உதவிக்கு வர்ற கனடா வண்டிக்காரங்க சங்கம், ஆல்பர்ட்டால ஏஎம்ஏ) மெம்பர்ஷிப் கைகொடுக்கும். ஆனா மைனஸ் 40 அன்னைக்கு ஊரே போன் போடும், பல மணி நேரம் காத்திருக்க வேண்டி வரலாம், அதனால வண்டில கனமான கோட்டும் பூட்ஸும் எப்பவும் கிடக்கட்டும்.

## அறிகுறி: ஆயில் வாசன, ஆயில் கம்பி தானா மேல எழும்பி நிக்குது, இல்ல வண்டிக்கடில புதுசா ஆயில்

இத யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. தினமும் சின்னத் தூரம் மட்டும் ஓட்டினா இஞ்சினுக்குள்ள சேர்ற ஈரம் காயாது. ஆயில் மூடியத் திறந்து பாருங்க, உள்பக்கம் மோர்க்குழம்பு கலர்ல திட்டுத் திட்டா ஒட்டிருக்கும். கொஞ்சமா மூடில மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம், ஹைவேல அரைமணி நேரம் ஓட்டினா காஞ்சிரும். அந்த ஈரம் இஞ்சின் மூச்சு விடுற குழாய்ல உறைஞ்சு அடைச்சிக்கிட்டாதான் பிரச்சன. உள்ள அழுத்தம் ஏறி ஆயில் கம்பியத் தள்ளும், அதுவும் பத்தலன்னா பின்பக்க சீல பிச்சிட்டு ஆயில வெளிய தள்ளும். சீல் விலை அற்பம், அதப் போட கியர்பாக்ஸ இறக்கணும், அங்கதான் பில் ஏறுது.

கம்பி எழும்பி நின்னாலோ, வண்டி நின்ன இடத்துல ஆயில் சொட்டிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணாதீங்க. மூடிய திறந்து பாருங்க, கம்பில லெவல் பாருங்க. கம்பிலயே மோர்க்குழம்பு ஏறிருந்தா, கூலன்ட் லெவலும் குறைஞ்சிட்டே வந்தா, ஹெட் கேஸ்கட்டா இருக்கலாம், அது வேற வியாதி. ரெண்டுல எதுவா இருந்தாலும் வண்டிய இழுத்துட்டுப்போய் சூடான ஷாப்ல ஒரு ராத்திரி இளக விடச் சொல்லுங்க, மூச்சுக்குழாயையும் அதுல இருக்கிற பிசிவி வால்வையும் கழட்டிப் பாக்கச் சொல்லி வாயால கேளுங்க, சொல்லலன்னா ஆயில் மட்டும் மாத்தி அனுப்பிருவாங்க, அடுத்த மைனஸ் 35ல மறுபடி அங்கயே போய் நிப்பீங்க.